நாற்பத்தோராவது குழி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, ஒரு படிவத்தின் கட்டமாகத் தொடங்கியது. நான் ஒரு பிரதேச சபையில் எழுதுவினைஞன். (எந்தச் சபை என்று கேட்காதீர்கள். எனக்கு வேலை வேண்டும்.) 'காலநிலை மாற்றத்தைத் தணித்தல்: வருடாந்த முன்னேற்றம்' என்ற படிவத்தில் இந்த முறை புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்: உயிருடன் உள்ளவை.

முன்பு 'நடப்பட்டவை' மட்டும்தான். அது சுலபம். ஒவ்வொரு கார்த்திகையும் வாய்க்கால் வீதியில் நூற்றிருபது மருதங்கன்றுகள் நடுவோம். மூன்று வருடமும் அதே குழிகள். முன்னூற்றறுபது மரம் என்று கணக்குக் காட்டினோம்.

2.

ஆவணி வெயில் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்த அந்த மதியவேளையில்...

(இப்படித்தான் முதலில் தொடங்கினேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

எண்ணிப் பார்க்கப் போனேன். நாற்பது குழிகளிலும் காய்ந்த குச்சி. நாற்பத்தோராவதில் என் நெஞ்சளவு பச்சை. அதற்கப்பால் மறுபடியும் குச்சிகள். எதிர்வீட்டு விமலேஸ்வரி அக்கா சட்டி கழுவிய தண்ணீரை அந்தப் பச்சையின் அடியில் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"சபையோ தம்பி? வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு எண்ணலாம்."

முற்றத்தில் ஒரு கதிரைதான் கிடந்தது. உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கிவந்து, நெடுநேரம் தூசி தட்டினார்.

3.

இந்தக் கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. மரத்தைப் பிள்ளைபோல் வளர்க்கும் தனித்த பெண். மேடைப் பேச்சுக்கு நன்றாயிருக்கும். ஒரு பக்கம் அப்படி எழுதியும்விட்டேன். அவரோ அதற்கு இடம் வைக்கவில்லை.

கணவர் இல்லை. மகள் சுமித்திரா கட்டாரில். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். நான் விசயத்தைச் சொன்னேன். கடைசியாக நட்ட நூற்றிருபதும் உயிருடன் என்று எழுதினால் திட்டம் முடிந்தது, இனி நடுகை இல்லை, இந்த மரம் தப்பும். ஒன்று என்று எழுதினால் கார்த்திகையில் பெக்கோ இயந்திரம் வந்து வரிசையாகத் தோண்டும், இதுவும் போகும்.

(இந்த ஒன்றை விட்டுவிட்டுத் தோண்டலாமே என்பீர்கள். சபைத் தவிசாளரிடம் கேட்டேன். "வரிசை பிசகும் ஐசே, படத்தில வடிவாயிராது" என்றார்.)

"கார்த்திகையில எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டார் அக்கா.

"போன முறை மாதிரி இருபத்திரண்டு பேர்."

"இருபத்திமூண்டு. நான்தானே தேத்தண்ணி ஊத்தினனான். ஒராள் சீனியில்லாமல் குடிச்சவர்." பிறகு கன்றைப் பார்த்தார். "முந்தின ரெண்டும் இவ்வளவுக்கு வளந்ததுதான். பிடுங்கிப்போட்டுத்தான் இதை வைச்சவை."

"கவலையில்லையோ அக்கா?"

"கவலைதான். ஆனா மரம் கதைக்காது தம்பி. நீங்கள் ஒண்டுமில்லையெண்டு எழுதுங்கோ."

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துறியள்?"

"ஆரும் எண்ண வந்தா, பச்சையைக் கண்டு இதில நிப்பினமெண்டுதான்."

நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

4.

முடிவு அ: நூற்றிருபது. மரம் வளர்கிறது. அதன் நிழலில் அக்கா, ஒற்றைக் கதிரையில்,

(நிறுத்திவிட்டேன். மேலே எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: பூச்சியம். இருபத்துமூன்று பேர் வருகிறார்கள். ஒரு மணித்தியாலம் கலகலப்பு, படம், தேநீர். போய்விடுகிறார்கள். அக்கா கோப்பைகளைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் புதுக் கன்றுக்கு ஊற்றுகிறார்.

இன்னொரு முடிவும் உண்டு. அதற்குப் படிவமே தேவையில்லை. சபையிலிருந்து அவர் வீடு சைக்கிளில் இருபது நிமிடம். "ஒருக்கா வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். எட்டுக் கிழமையாகிறது. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5.

நாளை படிவத்தை அனுப்பவேண்டும். கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. எந்த எண் என்று நீங்களே சொல்லுங்கள்.

அல்லது வழி சொல்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்து முடிகிற வாய்க்கால் வீதி. இடப்பக்கக் குழிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். பச்சை தெரிகிற இடத்தில் நில்லுங்கள், அவர் கூப்பிடுவார். இரண்டாவது கதிரை உள்ளே இருக்கும். அதில் தூசி இருந்தால், நான் இன்னும் போகவில்லை.