துரையின் பனிச் சப்பாத்து

ஐயாசாமிக்குப் பாதம் நீளம். தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஆட்களில் அவனுக்குத்தான் பெரிய கால் என்பதை ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஜெயபாலன் எப்படியோ கவனித்து வைத்திருந்தார். ஒருநாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வாளி கழுவிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து ஒனக்கு மரம் வெட்டுற வேலை இல்ல. சின்னத் தொரை பங்களாவுக்கு வந்துடு. காலைத் தேச்சுக் கழுவிட்டு வா."

விஷயம் இதுதான். தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத் துரை கனடா தேசத்துக்காரர். நீண்ட விடுப்பில் ஊர் போக இருந்தார். குளிர்காலத்தில் அங்கே ஏரி உறைந்து பாறையாகிவிடுமாம்; அதன்மேல் வளைகோல் பிடித்து விளையாட, அடியில் கத்தி பதித்த சப்பாத்து ஒரு ஜோடியை அவருடைய தம்பி கப்பலில் அனுப்பியிருந்தான். நீளம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அகலம் போதவில்லை. சுண்டுவிரலை நசுக்கியது, கணுக்கால் எலும்பைக் கடித்தது. போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க முடியாமல் துரை கத்தினார். தோலை வெந்நீரில் நனைத்து, ஓர் ஆள் காலில் மாட்டிக் காயவிட்டால் இளகிக் கொடுக்கும் என்று யோசனை சொன்னவர் கிராணிதான்.

பங்களாவின் பின்கட்டில் ஐயாசாமியை உட்காரவைத்து, கார்பாலிக் சோப்பால் காலைக் கழுவச் சொன்னார்கள். கழுவினான். விரல் இடுக்கைக் காட்டச் சொன்னார் கிராணி. பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை," என்றார். "தொரை காலு வைக்கிற எடம்டா அது."

அதன்பின் துரையின் கம்பளிக் காலுறையைக் கொடுத்தார். துவைத்தால் கம்பளி சுருங்கும், அளவு தப்பிவிடும் என்று அது துவைக்கப்படாமலே இருந்தது. வேர்வை காய்ந்து, கருவாட்டுத் தோல்போல் விறைத்திருந்தது. காய்ந்து நாறும் ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த மூக்கு ஐயாசாமியுடையது. புளித்த பால், புகைக்கூடம், வேலிக்கு அப்பால் இருந்த பன்றிக் கொட்டில் எல்லாம் அதற்குப் பழக்கம். ஆனாலும் அந்தக் காலுறையை விரித்தபோது வாயில் எச்சில் ஊறிக் குமட்டியது.

"என்னடா மூஞ்சி சுளிக்கிற? மேசோட்டப் போடு."

போட்டான். துரையின் கணு எலும்பு பெரிதாகப் புடைத்திருக்கும் என்பதால், அதே பருமனில் ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி இவன் கணுவில் வைத்துக் கட்டினார்கள். வெந்நீரில் ஊறிய சப்பாத்துக்குள் காலை நுழைத்ததும் கிராணி கயிற்றை விரலிலிருந்து கணுவரை இழுத்து இறுக்கினார். கத்தி மழுங்காமலும் தரை கீறாமலும் இருக்க வராந்தாவில் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் தூணைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

முதல் நாள் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது. கிராணியைவிட உயரமாக நின்றான். பாதையோரம் புல் வெட்டிய பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் கையசைத்துச் சிரித்தான். அப்படிச் சிரித்ததை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாளும் அதே ஈரக் காலுறை. அதற்கு மறுநாளும். சாயங்காலம் கழற்றும்போது பாதம் வெளுத்துச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய பிணத்தின் கால்போல் இருக்கும். ரப்பர்த் துண்டு உரசிய இடம் புண்ணாகி, கம்பளி அதோடு ஒட்டிக்கொண்டது. துரை தேநீர்க் கோப்பையோடு வருவார். ஐயாசாமியின் முகத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. குனிந்து, பப்பாளி பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் சப்பாத்தைக் கட்டைவிரலால் அமுக்குவார். "இங்கே பத்தாது. இன்னும் நட," என்பார். தோட்டத்தில் பேசிப் பழகிய தமிழ் அது.

வீட்டில் ராசம்மா அவனைக் கதவருகிலேயே நிறுத்தினாள். "என்ன நாத்தம் இது, செத்த எலியாட்டம்?" என்று மஞ்சளை அரைத்துப் புண்ணில் அப்பினாள். சோற்றில் கை வைத்தான். கயிறு அவிழ்த்த விரல்களில் அந்த வாடை இன்னும் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஒருவழியாகத் தோல் இளகியது. நன்றாகக் காயவைத்து, துரை புதுக் காலுறையோடு மாட்டிப் பார்த்தார். முழங்காலை மடக்கி ரப்பர் ஷீட்டின்மேல் முன்னும் பின்னும் ஆடினார். "நல்லா இருக்கு," என்று சிரித்தார். கழற்றியதும் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனவர் முகம் கோணியது. கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"கூலி நாத்தம் அடிக்குதாம்டா. இந்தா வாசனத் தண்ணி. உள்ள பூரா ஊத்தித் தொடச்சு வெய்யில்ல வை."

ஐயாசாமி புட்டியை வாங்கினான். புட்டியைத் தரையில் வைத்தான்.

"அது என் நாத்தம் இல்லீங்க. நான் ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுன காலு. அது தொரை மேசோட்டு நாத்தம்."

"வாய மூடுடா," என்றார் கிராணி.

ஆனால் துரைக்குத் தமிழ் புரியும். அவர் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. நாற்காலியருகே கிடந்த பழைய காலுறையைப் பார்த்தார். அதைக் கால் நுனியால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். ஐயாசாமி யாரும் போகச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நொண்டிக்கொண்டே படியிறங்கினான்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவனைச் சதுப்பு ஓரத்துக் கிழட்டு மரங்களுக்கு அனுப்பினார்கள். பாலும் சுரக்காது, அட்டையும் அதிகம். புண்ணான காலில் அட்டை கடித்து ரத்தத்தோடு திரும்பியவனைப் பார்த்து ராசம்மாவுக்குக் கோபம் வந்தது.

"பேசாம தொடச்சுக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல? எதுக்கு வாயக் குடுத்தீங்க?"

"பேசாம இருந்தா அந்த நாத்தம் என்னுதுன்னு ஆயிடும் புள்ள."

ராசம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். புண்ணைக் கழுவி, துணியைக் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணு பண்ணு," என்றான் ஐயாசாமி. "கொஞ்ச நாளைக்குக் கருவாடு மட்டும் வறுக்காத. அந்த மேசோட்டு ஞாபகமே வருது."

"நல்லாருக்கே. தொரை காலு நாறுனதுக்கு நான் கருவாடு திங்காம இருக்கணுமா?"

அவள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் வாடை லயத்து வீடுகள் முழுக்கப் பரவியது. ஐயாசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் குந்திக் காறித் துப்பினான். அன்றைக்கு வெறும் ரசத்தோடு சாப்பிட்டு எழுந்தான்.