அக்கரை என்றால் எந்தக் கரை?

அந்த ஏரிக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிறந்த கரைதான் சாகும்வரை இக்கரை. எதிர்க்கரையில் போய் நின்றுகொண்டே அதை அக்கரை என்பார்கள். மேற்குக் கரையில் பிறந்த லொரெய்ன் கிழக்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே "அக்கரையில குளிர் ஜாஸ்தி" என்று அந்த வீட்டுக் கரையையே சொல்லிவிட்டாள். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்றும் எரிகிறது. அன்றிலிருந்து நாக்கை அடக்கி, கிழக்கையே இக்கரை என்று சொல்லப் பழகினாள்.

பழகி என்ன பயன்? அவசர உதவி நிலையத்தில் பக்கத்து நாற்காலி டேல் இன்னும் விடுவதில்லை.

"என்ன அக்கரைக்காரி, இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு வந்தியா? இங்கயும் பனிதான் தாயி!"

"வேலையைப் பாரு," என்றாள். சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது.

"அப்பா விழுந்துட்டாரு மேடம்! ஏரிமேல உறைஞ்ச பனி உடைஞ்சிருச்சு! விளிம்பைப் புடிச்சிட்டுத் தொங்குறாரு!"

"பேர் என்னம்மா? எங்க இருக்கீங்க?"

"கார்லா. அக்கரையில, எங்க மீன்பிடிக் குடில் பக்கம். சீக்கிரம் வாங்க!"

அந்த ஏரிக்கு ஒரே கைபேசிக் கோபுரம். அழைப்பு வந்த இடமென்று திரையில் விழுந்த வட்டம் இரண்டு கரையையும் தொட்டது. லொரெய்ன் யோசிக்கவே இல்லை. அக்கரை என்றால் மேற்கு. மேற்குக் குழுவைக் கிளப்பிவிட்டாள்.

"கிட்டப் போகாத கார்லா. குப்புறப் படுத்துக்க. கயிறு இருந்தா வீசு."

"வீசிட்டேன். கையில சுத்தியிருக்காரு. கை நீலமாயிருச்சு மேடம்."

உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், காதுக்கருவியின் கம்பி எட்டும்வரை நடந்தாள். ஏதோ இடறியது, என்னவென்று பிடிபடவில்லை.

"வண்டிச் சத்தம் கேக்குதா?"

"இல்ல. அம்மா காலையிலயே சொன்னாங்க, ஏரியத் தாண்டிப் போகாதீங்கன்னு. கேட்டோமா நாங்க!"

லொரெய்ன் நடையை நிறுத்தினாள். தாண்டியா? எந்தப் பக்கமிருந்து?

"கார்லா, பக்கத்துல இருக்கிற கரையைப் பாரு. வெயில் மூஞ்சியில அடிக்குதா, முதுகுலயா?"

"முதுகுல."

வெயில் மேற்கே. அப்படியானால் அவள் பார்க்கும் கரை கிழக்கு. இதோ, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் இதே கரை. மேற்குப் பெண் மேற்குப் பெண்ணாகவே பேசியிருக்கிறாள். கேட்ட காதுதான் கிழக்கு வேஷம் போட்டிருந்தது.

"டேல், நம்ம குழு! இந்தக் கரை! ஓடச் சொல்லு!"

டேல் ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"அப்பா கண்ணை மூடுறாரு!"

"பேரைச் சொல்லிக் கூப்பிடு. திட்டு!"

"ஐனர்! ஏ கிழவா! கண்ணைத் திற! அம்மாவுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நீயே வந்து சொல்லு!"

கத்தல், அழுகை, பிறகு இயந்திர உறுமல், ஆண் குரல்கள். லொரெய்ன் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"இழுத்துட்டாங்க! மூச்சு இருக்கு! என்னைத் திட்டுறாரு!" கார்லா விம்மிக்கொண்டே சிரித்தாள். "நீங்க எங்க இருக்கீங்க அக்கா? எந்தக் கரை?"

டேல் திரும்பிப் பார்த்தான். அறையே அவளைப் பார்த்தது. லொரெய்ன் குரலைத் தாழ்த்தவில்லை.

"உன்னை மாதிரிதான் தங்கம். அக்கரையில."