ஊருக்குள் ஒருவருக்கும் இல்லை

"மொதல்ல கொல்லைக் கதவச் சாத்து" என்றான் அழகேசன்.

அவன் பெண்டாட்டி லீலாவதி கையில் செம்போடு நின்றாள். உள்ளறையில் அவள் கொழுந்தன் தங்கராசு மறுபடியும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் வெங்காய லாரியோடு திருச்சிக்குப் போய்த் திரும்பியவன். விடிவதற்குள் கண் இரண்டும் உள்ளே போய், குரல் கம்மி, கெண்டைக்கால் சுருட்டி இழுக்க, கோரைப்பாயில் கிழிந்த துணியாகக் கிடந்தான். வயிற்றால் போனதெல்லாம் அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. அது என்ன நோய் என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிடலாங்க."

"கொண்டு போனா நாளைக்கே ஜீப்பு வந்து நிக்கும். பட்டறையில கெடக்குற வெங்காயத்த நீயா திம்ப?"

அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது எழுபத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். குன்னத்துப் பக்கம் ஒரு ஊரில் காலரா என்று தெரிந்ததும் சந்தையை மூடிவிட்டார்கள். வியாபாரிகளின் லாரி எல்லையிலேயே திரும்பிப் போயிற்று. மூங்கில் தட்டி கட்டி, கூரை வேய்ந்து, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட பட்டறை வெங்காயம் தூறலில் முளைவிட்டு அழுகியது. அதைக் கூடை கூடையாக வாரிக் கொட்டிவிட்டு வந்தவர்களை அழகேசன் கண்ணால் பார்த்திருந்தான். திருச்சி வியாபாரியின் லாரி இந்த வெள்ளிக்கிழமை அவனுடைய பட்டறைக்கு வருவதாக இருந்தது.

அழகேசன் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தான். அரியலூரிலிருந்து ஒரு கம்பவுண்டரை ஆள் விட்டு வரவழைத்தான். அந்த மனுஷரும் வேட்டி சட்டையில், வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி பஸ்ஸை விட்டு இறங்கினார். பழத்துக்கு அடியில் சலைன் பாட்டில்கள் இருந்தன. எதிர்வீட்டுக்காரி யார் வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, தங்கராசுக்கு ஜெயங்கொண்டம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அழகேசன் வாய் கூசாமல் சொன்னான். அவளும் நல்ல சேதிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்தது அழுக்குத் துணி. கொல்லையில் ஒரு மூட்டையாகக் கிடந்தது. வழக்கமாக ஊர்த்துணி வெளுக்கிற இருசம்மாள்தான் எடுத்துப் போவாள். ஆனால் அவள் பொழுது சாய்ந்தால் வீடு வீடாகச் சோறு வாங்க வருகிறவள். இந்த வாசலில் பார்த்ததை அடுத்த வாசலில் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"இருசம்மா வேணாம். காத்தாயிகிட்ட குடுத்து வுடு" என்றான் அழகேசன்.

காத்தாயி ஓடைக்கு அந்தாண்டை இருக்கிற காலனிக்காரி. விடிந்ததும் வந்து மாட்டுக் கொட்டகையைக் கூட்டிச் சாணம் அள்ளிப் போடுவாள். கொல்லைப் படலுக்கு இப்பால் வந்ததில்லை. லீலாவதி மூட்டையை அவள் மேல் கை பட்டுவிடாமல் தூக்கித் தரையில் போட்டாள். யாரிடமிருந்து யாருக்கு ஒட்டிவிடுமென்று அந்தக் கை அப்படி விலகியதோ, அது அந்தக் கைக்கே வெளிச்சம்.

காத்தாயி மூட்டையைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா ஒரு மாதிரி வாடையடிக்குது? தம்பிக்கு ஒடம்புகிடம்பு சரியில்லீங்களா?"

சொல்வதற்கு ஒரு வாய்ப்பு அப்போது இருந்தது. நல்ல வாய்ப்பு. உண்மையைச் சொல்லி, இதைக் கொளுத்திவிடு என்று சொல்லியிருக்கலாம். லீலாவதி கதவிடுக்கில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆண்டிமடத்துப் பலாப்பழம். வெறும் வயித்துல தின்னுட்டாரு. ஒத்துக்கல" என்றாள்.

காத்தாயி சிரித்துவிட்டாள். தன் புருஷன் மதுரைவீரனும் பலாச்சுளையைக் கண்டால் இப்படித்தான், கொட்டையைக்கூட விட்டு வைப்பதில்லை என்றாள். லீலாவதி அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய துண்டாகச் சவுக்காரம் கொடுத்தாள். காத்தாயிக்கு முகமெல்லாம் சந்தோஷம். தன் மனம் ஏன் அப்படித் தாராளமாயிற்று என்று லீலாவதிக்குத் தெரியும். காத்தாயிக்குத் தெரியாது.

காலனிக்குக் கிணறு கிடையாது. ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது, ராட்டினம் கட்டி, சிமெண்டு மேடை போட்டு. அதன் பக்கம் அவர்கள் போகக்கூடாது. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். துணி துவைப்பதென்றால் கீழே தள்ளியிருக்கிற மடுவுக்குப் போவதுதான் வழக்கம். அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பலாப்பழத் துணிதானே என்று காத்தாயி ஊற்றோரத்திலேயே அலசிப் பிழிந்தாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தங்கராசு எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக்குத் துவையல் வேண்டுமென்று கேட்ட அன்று, மதுரைவீரன் படுத்தான். சாயங்காலம் காட்டிலிருந்து வந்து ஊற்றுத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தவன். மறுநாள் உச்சிவெயிலுக்கு அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

ராசாங்கத்தின் டீக்கடையில் செத்தவர்களின் கணக்கு ஏறியது. காலையில் மூன்று என்றார்கள், மத்தியானம் ஒன்பது என்றார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் வந்த கண்டக்டர், டவுனில் முப்பது என்று பேசிக்கொள்வதாகச் சொன்னார். ரேடியோ, கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. காலனிக்காரர்கள் சுத்தமில்லை என்றான் ஒருவன். செத்த மாட்டைத் தின்றிருப்பார்கள் என்றான் இன்னொருவன். மாரியம்மனுக்குக் கோபம் என்றான் மூன்றாமவன். ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

சுகாதார ஜீப் வந்தபோது ஊரில் ஆம்பிளை ஒருவன்கூட இல்லை. எமர்ஜென்சிக் காலமாயிற்றே, கருத்தடை ஆபரேஷனுக்குப் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று எல்லாரும் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். ஊசி கையில்தான் போடுவோம் என்று மைக்கில் கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஊருக்கு ஊசி போட்டு முடித்தபோது மருந்தும் முடிந்தது. காலனிக்கு நாளைக்கு வருவதாகச் சொன்னார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் மாயவன், வந்த அதிகாரிக்கு இளநீர் சீவிக் கொடுத்தார். "ஊருக்குள்ள ஒருத்தருக்கும் இல்லீங்க சார். எல்லாம் ஓடைக்கு அந்தாண்டதான்" என்றார். அழகேசன் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினான்.

அதையே மைக் திருப்பிச் சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிற்று. ஊருக்குள் ஒருவருக்கும் நோய் இல்லை, பொதுமக்கள் பீதியடைய வேண்டாம். அடுப்படியில் நின்ற லீலாவதி காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது.

காலனிப் பாதையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அவர்களுக்கு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. ஊருக்குள் நோய் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனதால் வெள்ளிக்கிழமை லாரி தடையில்லாமல் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்ச் சந்தையெல்லாம் மூடிக் கிடந்ததால் அழகேசனின் வெங்காயத்துக்கு அவன் கனவிலும் நினைக்காத விலை கிடைத்தது. அன்று ராத்திரி கோழி அடித்தார்கள். லீலாவதி இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், பிசைந்தாள், எழுந்துவிட்டாள். தங்கராசுவும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணியை நிமிர்ந்து பார்க்காமல் கை கழுவப் போனான்.

இரண்டொரு நாள் கழித்து முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு லீலாவதி முள்ளடைப்புக்குப் போனாள். காத்தாயி அந்தப் பக்கம் வந்து நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"பழைய கஞ்சிய ஊத்திக் குடுத்துட்டேம்மா" என்றாள் காத்தாயி. "புளிச்சுக் கெடந்துச்சு. ஊத்தாதன்னு எம்மனசு சொல்லிச்சு. பசியோட வந்தாரேன்னு ஊத்திட்டேன். அவருக்கு நானே எமனாயிட்டேன்."

இல்லையடி, நீ இல்லை, நான்தான் என்று லீலாவதிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

"அழாத காத்தாயி" என்றாள்.

அரிசியை முள்ளுக்கு மேலாக நீட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். வீடு வந்து சேரும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். த்தூ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று வாய்விட்டே சொன்னாள். புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு, கொன்ற பழியையும் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாளே ஒருத்தி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே. அன்றிலிருந்து லீலாவதிக்குத் தூக்கம் போயிற்று.

சுகாதாரக்காரர்கள் மறுபடி வந்து ஓடை ஊற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். நோய் அடங்கிய பிறகு மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. காலனிக்காரர்கள் வேப்பமரத்துக்கு அப்பால் நிற்க வைக்கப்பட்டார்கள். மாயவன் ஊர் முடிவைச் சொன்னார். அசுத்தத்தால் நோயைக் கொண்டுவந்து ஆத்தாளைக் கோபப்படுத்தியது காலனி. ஆகவே ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிற செலவு முழுவதும் காலனி கட்டுகிற தெண்டம். முதலில் நோய் விழுந்தது காத்தாயி வீட்டில். ஆகவே அவள் ஊர் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பாதி காலனி பட்டினி கிடக்கும்போது தெண்டத்துக்கு எங்கே போவது என்று ஒரு கிழவன் முணுமுணுத்தான். அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

காத்தாயி முன்னால் வந்தாள். தப்பு தன்னுடையதுதான் என்று நம்பியே வந்திருந்தாள். அது அவள் நடையிலேயே தெரிந்தது.

கோயில் மதிலோரம் பெண்களோடு நின்ற லீலாவதி அதைப் பார்த்தாள். அந்த ஊரில் பொம்பளை சபையில் பேசியது கிடையாது. அவள் எப்படி நடுவில் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவ விழ வேணாம்" என்றாள். "மொதல்ல விழுந்தது எங்க வூட்ல. எங்க கொழுந்தனாருக்கு. அந்தத் துணிய பலாப்பழம்னு பொய் சொல்லி இவகிட்ட குடுத்து வுட்டது நாந்தான்."

அழகேசன் பாய்ந்து எழுந்து, வீட்டுக்குப் போ என்று அதட்டினான். அவள் அசையவில்லை. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர் அதிர்ந்துபோகும், தன்னைக் காறித் துப்பும் என்று லீலாவதி காத்திருந்தாள். ஒருவரும் அதிரவில்லை. பின்வரிசையில் ஒருவர், அழகேசன் வீட்டில் மட்டுமா என்று ஆரம்பித்துவிட்டு, பக்கத்திலிருந்தவர் இடித்ததும் இருமத் தொடங்கினார். மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மகளை நோய் பரவிய வாரத்தில்தான் வண்டியில் படுக்க வைத்து அரும்பாவூருக்கு அனுப்பியிருந்தார், மாமியாருக்கு முடியவில்லை என்று சொல்லி. லீலாவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லார் கொல்லையிலும் ஒரு மூட்டை கிடந்திருக்கிறது.

மாயவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நம்ம பக்கமும் ஏதோ கொஞ்சம் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. மனசாட்சிக்கு வெரோதமா நாம நடக்கக் கூடாது. தெண்டத்தப் பாதியாக் கொறைச்சிரலாம்."

நியாயமான பேச்சு என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலைவருக்குத் தாராள மனசு என்றுகூட ஒருவர் சொன்னார். காத்தாயியை விழச் சொன்னார்கள்.

காத்தாயி விழவில்லை. லீலாவதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பலாப்பழம்னீங்களேம்மா" என்றாள் மெதுவாக. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஊத்தாண்ட அலசியிருப்பனா?"

காத்தாயி திரும்பி நடந்தாள். வேப்பமரத்துக்கு அப்பால் நின்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். தெண்டத்தைக் கட்டச் சொல்லி மாயவன் கத்தியது அவர்கள் முதுகில்தான் விழுந்தது.

மறுநாள் மாட்டுக் கொட்டகைக்கு யாரும் வரவில்லை. லீலாவதியே சாணம் அள்ளினாள். பிறகு ஊர்க்கிணற்றில் ஒரு குடம் இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடந்தாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. காத்தாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். குடத்தைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"இந்த ஒரு கொடம் தண்ணிய வச்சிக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது? எங்களுக்கும் கெணத்த வுடச் சொல்லுங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. லீலாவதி நிறைகுடத்தைச் சுமந்துகொண்டு அதே வழியில் திரும்பினாள். கிணற்றடியில் நின்ற பெண்களிடம் காத்தாயி சொன்னதை அப்படியே சொன்னாள். பக்கத்தில் நின்றவள், லீலாவதியின் குடம் பட்டுவிடாதபடி தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் லீலாவதி அந்தக் கிணற்றுக்குப் போகவில்லை. ஓடையில் இறங்கி, காலனிப் பெண்களுக்குப் பின்னால் முறை வரும்வரை காத்து நின்று, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பினாள். அவர்கள் அவளோடு பேசவில்லை. அவளும் பேச்சை எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் அழகேசன் சாப்பிட உட்கார்ந்தான். செம்பை வாயருகே கொண்டுபோனவன் சுகாதாரக்காரர்கள் கொட்டிய பிளீச்சிங் பவுடர் வாடைக்கு முகத்தைத் திருப்பினான்.

"எங்கேருந்துடி கொண்டாந்த?"

"ஓடை ஊத்துலேருந்து."

செம்பை நங்கென்று கீழே வைத்தான். "புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு? அது காலராத் தண்ணிடி."

லீலாவதி அதே செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். மிச்சத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"தெரியுங்க. நம்ம வூட்லேருந்து போனதுதான்" என்றாள்.