இலத்தீன் வாளி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: இலத்தீன் வாத்தியார், அவருடைய கூடப்பிறந்த அக்காவும் பள்ளியின் தலைமையாசிரியையுமான பெரிய மேடம், கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள், இலத்தீனை விரும்பி எடுத்த, அல்லது வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காத, ஒரு டஜன் பிள்ளைகள், ஜன்னலோரத்தில் மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. வாளியை ஆளோடு ஆளாகச் சேர்த்தது தப்பில்லை. அந்த அறையில் இருந்த உயிர்களில் பெரும்பாலானவை அதற்குள்தான் இருந்தன.

ஆய்வாளர் எதற்கு வந்தார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இலத்தீன் வகுப்பு இருக்கலாமா, இழுத்து மூடலாமா என்று கிளம்புவதற்குள் சொல்லிவிடுவார். மூடினால் அறை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும். வாத்தியார் வீட்டுக்குப் போவார். வீடு என்றால் அக்கா வீட்டு மாடி அறை. சாப்பாட்டு மேஜையில் அக்கா புருஷன் தினமும், "என்ன மாப்ளே, செத்த பாஷை இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்துச்சா?" என்று கேட்பார். வேலையில் இருப்பவன் அதைக் காதில் வாங்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். வேலை போனவன் உட்கார்ந்து சிரித்தாக வேண்டும்.

பிள்ளைகள் வாத்தியாருக்கு வைத்திருந்த பெயர் பிணவறை.

இந்தக் கூத்தெல்லாம் தொடங்கியது அக்காவால்தான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிதில் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னாள்.

"பிள்ளைங்க தூங்குதுடா. நான் ஜன்னல் வழியா பாத்தேன். ஒருத்தன் விட்ட கொட்டாவில எனக்கே தூக்கம் வந்துருச்சு."

"இலக்கணம்னா அப்படித்தான்க்கா."

"இங்க மேடம்னு சொல்லு. ஜாலியா நடத்து. இல்லன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

ஜாலியாக நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ளப் பயிற்சி முகாமுக்கும் அனுப்பினாள். அங்கே நரைத்த தலைகளெல்லாம் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு ரோமாபுரிப் பிரபுக்களாகக் கைதட்டிப் பாடின. பந்தை எறிந்து, பிடித்தவர் ஒரு வினைச்சொல் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன வாத்தியாரின் நெற்றியில் பயிற்சியாளர் ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சி ஸ்டிக்கரை ஒட்டினார். முந்தைய ஆளின் வேர்வை காயாத கை. வாத்தியார் கழிப்பறைக்குப் போய் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இரண்டு முறை கழுவியும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

இருந்தாலும் பிழைப்பு. திரும்பி வந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பெட்ஷீட் தடுக்கி ஒரு பையனின் முன்பல் உடைந்தது. கைதட்டிப் பாடியதில் பிள்ளைகளுக்குக் கைதட்ட நன்றாக வந்தது, இலத்தீன் வரவில்லை. முகாமில் கொடுத்த குறிப்பில் கடைசியாக, 'மொழியை ருசிக்க விடுங்கள், முகர விடுங்கள்' என்று இருந்தது. அதைப் படித்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகரணுமா? இந்தா, முகருங்கள் என்றுதான் வாளியையும் மீனையும் உப்பையும் வாங்கி வந்தார்.

பழைய ரோமாபுரிக்காரர்கள் மீன் குடலை உப்பில் போட்டு வெயிலில் ஊற வைத்து, வடிகிற சாற்றைச் சாப்பாட்டில் விட்டுக்கொண்டவர்கள். அதைச் செய்யும் முறையை எளிய இலத்தீனில் கரும்பலகையில் எழுதினார். ஒரு சட்டமும் போட்டார்: கதவு சாத்தியிருக்கும்வரை உள்ளே இலத்தீன் மட்டும்தான். வேறு பாஷை பேசினால் வெளியே. முதல் நாளே பாதிப் பேர் வெளியே ஓடிவிடுவார்கள், அக்காவும் இந்தக் குதூகலப் பைத்தியத்தை விடுவாள் என்பது அவர் கணக்கு.

ஒருவர்கூட ஓடவில்லை. மீன் கண்ணை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். குடலுக்கு என்ன, வழவழப்புக்கு என்ன, நாறுவதற்கு என்ன, குமட்டுவதற்கு என்ன என்று பிய்த்துப் பிடுங்கினார்கள். வருஷம் முழுக்கத் தன் பெயரைக்கூட இலத்தீனில் சொல்லத் தெரியாத தடியன் ஒருவன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வாளியைவிட மோசம் என்று பிழையில்லாமல் சொன்னான். வாத்தியாருக்கு அருவருப்பாக இருந்தது. அவர் இந்த மொழிக்குள் வந்தது கழுவித் துடைத்த கல் போன்ற செய்யுள்களுக்காக. இதுகள் குடல் வழியாக நுழைகின்றன. முறை பலிக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

நாற்றம் நாளுக்கு நாள் ஏறியது. நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

ஆய்வுக்கு முந்தைய வாரம், வாளியைக் கிளறும் முறை ஒரு சிறுமிக்கு வந்தது. ஓயாமல் தும்முவதால் அவளுக்குத் தும்மல் என்றே பெயர். மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று மூடினாள். நிமிர்ந்து நின்று சொன்னாள்: "மகிஸ்டர், இன் சிடுலா முல்ட்டி வெர்மேஸ் சுன்ட்."

அவர் கேட்காமல், கரும்பலகையைப் பார்க்காமல், ஒரு பிள்ளை தானாகச் சொன்ன முதல் முழு வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். கை தட்டினார். கைதட்டலைக் கண்டாலே எரிந்து விழுகிற மனிதர், தட்டினார். வாக்கியத்தைப் பலகையில் எழுதி எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தார். மேஜை டிராயரைத் துழாவி ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினார். தும்மல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மணி அடித்துவிட்டது.

ஆய்வு நாளன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள், வெயிலைப் பற்றி ஒன்றிரண்டு வாக்கியம் பேசினார்கள். ஆய்வாளர் பேனாவைத் தட்டிக்கொண்டு, "மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க" என்றார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மேடம், எல்லாம் செய்முறைதான். இதோ பாருங்க" என்று வாளியின் மூடியைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே அடைந்து கிடந்த காற்று 'புஸ்' என்று வெளியேறியது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக நெளிந்தது. குழம்பின் மேல்பரப்பு கொதிப்பது போல ஏறி இறங்கியது. கொதிக்கவில்லை, புழு. மூடியிலிருந்து ஒரு கொத்து உதிர்ந்து ஆய்வாளரின் செருப்பில் விழுந்து கால்விரல்களுக்கிடையில் புகுந்தது. அவர் குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்துக் குனிந்தார்.

பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். நாறுது! ஜன்னலைத் திற! வாளியை மூடு! காலடியில பாரு! அத்தனையும் இலத்தீனில். கதவு சாத்தியிருந்ததல்லவா.

வாத்தியார் தும்மலின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் சட்டத்தைத் தானே மீறிக் கத்தினார். "முன்னாடியே பாத்திருக்கேல்ல? ஏன் சொல்லல?"

தும்மல் முதலில் கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வாளியில நிறைய புழு இருக்குன்னு சொன்னேனே சார். நீங்க கை தட்டினீங்க."

அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அன்று வாக்கியம் காதில் ஏறியிருந்தது, புழு ஏறவில்லை.

வராந்தாவில் ஆய்வாளர் வாய் கொப்பளித்துவிட்டு, காலை மூன்று தரம் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு.

"நான் குனிஞ்சு இருந்தப்ப அந்தத் தடிப்பையன் என்னைப் பாத்து ஏதோ கத்தினானே. என்ன அது?"

வாத்தியார் மொழிபெயர்த்தார். "தொட்டி நிறையுது, இன்னொரு தொட்டி கொண்டாங்கடான்னு சொன்னான் மேடம்."

"தப்பில்லாமலா?"

"ஒரு தப்பும் இல்ல மேடம்."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "எத்தனையோ வகுப்பு பாத்தாச்சு. பயத்துல அலறுறப்பகூட பாடத்துப் பாஷையில அலறுன பிள்ளைங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். வகுப்பு இருக்கட்டும்."

வாத்தியாருக்கு உயிர் வந்தது. அந்தச் சூட்டோடு, "ரொம்ப நன்றி மேடம். அடுத்த பருவத்துல இருந்து செய்யுள் ஆரம்பிச்சுடலாம்னு..." என்றார்.

"செய்யுளா? தூங்கிருவாங்கய்யா. இந்த வாளியே இருக்கட்டும். வருஷா வருஷம் போடுங்க. மத்த பள்ளி வாத்தியாருங்களையும் அனுப்பறேன், வந்து கத்துக்கட்டும்."

வருகிற வருஷங்கள் எல்லாம் அவர் கண் முன்னால் மூடி திறந்து நெளிந்தன. வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் காலை மிதித்தாள்.

"செய்வான் மேடம். சந்தோஷமா செய்வான்."

டீ வந்தது. ஆய்வாளர் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய், அறைப்பக்கம் திரும்பி, அப்படியே கீழே வைத்துவிட்டார். நாற்றம் வராந்தா வழியாக மெதுவாக வந்துகொண்டிருந்தது. அக்கா தம்பியின் கையில் பினாயில் பாட்டிலையும் துடைப்பத்தையும் திணித்து, முதுகில் கைவைத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கதவு திறந்தே இருக்கட்டும்க்கா. மூச்சு முட்டும்."

"திறந்து வச்சா பள்ளிக்கூடமே காலியாயிரும். வாளி, தரை, ஜன்னல் கட்டை, எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். முடிச்சிட்டுத் தட்டு."

"அக்கா, ஒரு நிமிஷம். வாழ்நாள் பூரா இதையே..."

"மேடம்னு சொல்லு. வேலை இருக்குல்ல? உள்ள போடா."

அவர் போனார். காலடியில் ஏதோ நசுங்கியது. பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி பூட்டுக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது.