இருபத்தைந்தாவது பின்

சீட்டில்லாமல் அந்த லேத் பட்டறையின் ஸ்டோரிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே போகாது. அதனாலேயே ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவளுக்குச் சீட்டக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டறை அவள் தம்பியுடையது. லேத்தில் நிற்பது தம்பியின் மனைவி. மூன்று பேரும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்த வண்டி அது. ஆஸ்பத்திரிக் கருவி செய்யும் பெரிய கம்பெனி ஒன்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்கள் வாசற்படி ஏறியிருந்தது.

முன்கூட்டியே கேட்டிருந்தது இருபத்துநாலு எஃகுப் பின், விரல் நீளத்துக்கு. ஒவ்வொன்றும் எந்த ராடிலிருந்து வந்தது, அந்த ராடு எந்த உலையில் எப்போது வார்த்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அடுத்து இரண்டாயிரம் பின்னுக்கு ஆர்டர். காட்ட முடியாவிட்டால் வந்த வழியே போய்விடுவார்கள்.

காலையில் வந்த கம்பெனி இன்ஸ்பெக்டர், பின்களை அடுக்கியிருந்த டிரேயைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, மெஷின்களைப் பார்க்கத் தம்பியோடு போனார். சீட்டக்கா காகிதங்களை அடுக்கி முடித்து, கைப்பழக்கத்தில் டிரேயை எண்ணினாள். இருபத்தைந்து. மறுபடி எண்ணினாள். அதே இருபத்தைந்து.

குறைந்திருந்தால்கூடத் தேடலாம். கூடினால் என்ன செய்வது? ஊர் பேர் தெரியாத ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. எது என்று தெரியாதவரை இருபத்தைந்துமே சந்தேகக் கேஸ்தான்.

தம்பி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் எண்ணெய்க் கையோடு வந்து, தான் கடைந்தது இருபத்துநாலுதான் என்று அடித்துச் சொன்னாள். இருவரும் போய் மிச்ச ராடை அளந்தார்கள். இருபத்துநாலு துண்டும், ரம்பம் தின்ற பொடியும் போக, மீதி நூல் பிசகாமல் இருந்தது. பொண்ணு பொய் சொல்லவில்லை.

அதற்குள் தம்பி மட்டும் திரும்பி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணத் தூக்கிப் பையில போட்டுக்கோக்கா. கணக்கு சரியாப் போயிடும்."

"எதத் தூக்குறது? நம்ம புள்ளையத் தூக்கிட்டு அந்நியன உள்ள விட்டுட்டா?"

அவன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அவள் மசியவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் வந்ததும் டிரேயை அவர் முன்னால் நகர்த்தி, ஒன்று கூடுதலாக இருக்கிறது, எது என்று தெரியவில்லை, கண்டுபிடிக்கிறவரை இந்தச் சரக்கைத் தரமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். பிறகு சட்டைப்பையைத் தடவினார். பெரிய மனிதர் முகத்தில் அசடு வழிந்தது.

"போன மாசம் சாம்பிளுக்கு நீங்க அனுப்புன பின்னும்மா. பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அப்படியே டிரேயில விட்டுட்டேன் போல."

பையிலிருந்து கசங்கிய அட்டை ஒன்று வந்தது. அவள் கையெழுத்துதான். மாதிரி பின்னின் ராடு நம்பரும், மைக்ரோமீட்டரில் படித்த குறுக்களவும் அதில் இருந்தன. இருபத்தைந்தையும் அளந்தார்கள். எல்லாம் ஏற்கத்தக்க அளவுக்குள்தான், ஆனால் பத்தொன்பதாவதாக வந்த பின் ஒன்றுதான் அட்டையில் எழுதியிருந்த குறுக்களவை அப்படியே காட்டியது. தம்பி மனைவி கைதட்டிவிட்டாள்.

"இருபத்துநாலுன்னு குடுத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். கம்பெனிக்குப் போய் சாம்பிளக் காணோம்னு தேடும்போதுதான், கூட இருந்த ஒண்ண நீங்க மறைச்சது புரிஞ்சிருக்கும். அப்புறம் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர், ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் தம்பி மனைவி ஓடிவந்து சீட்டக்காவைக் கட்டிக்கொண்டாள். புடவையெல்லாம் எண்ணெய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தம்பி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"நான் சொன்னதக் கேட்டிருந்தா என்னாயிருக்கும்க்கா?"

"என்னைக்குடா கேட்டிருக்கேன்?" என்றாள் சீட்டக்கா.