சத்தத்தைக் குறைத்தவர்கள்

போர் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கிற கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். விமானம் பறப்பது, மேகம் நகர்வது, குண்டு வெடிப்பது எல்லாம் மற்றவர்கள் பாடு. விமானிக்கு எதிரே வலது மூலையில் இருக்கிற உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடிதான் என் பொறுப்பு. எதிரியின் ரேடார் நம்மைத் தேடினால் அதில் ஒரு குறி தோன்றும். காதில் மெதுவாக ‘டிக், டிக்’ என்று கேட்கும். ரேடார் நம்மைப் பிடித்துக்கொண்டால் சத்தம் வேகமெடுக்கும். ஏவுகணை கிளம்பிவிட்டால் அலறும். எச்சரிக்கைக் கருவி என்போம்.

அதே கருவியைத்தான் என் மாமனார் விமானப்படையில் பல வருடம் பழுது பார்த்தார் என்பது கல்யாணமாகிப் பதினைந்து வருடம் வரை எனக்குத் தெரியாது. ‘ரேடியோ வேலை’ என்று மட்டும் சொல்வார். மாமியார் போன பிறகு அதையும் சொல்வதில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். டீ டம்ளரோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

“இவ்ளோ யோக்கியமா இருக்காதும்மா அது.”

“எது மாமா?”

“அந்தப் பொட்டி. திசையைத் துல்லியமாக் காட்டுது, எந்த ரேடார்னு பேரைச் சொல்லுது, ஒருதடவைகூடத் தப்புப் பண்ணல. சத்தியம் பண்ணிட்டுப் பொறந்த மாதிரி இருக்கு.”

நான் நாற்காலியைத் திருப்பினேன். எங்கள் விளையாட்டை வாங்கியவர்கள் ஆறு மாதமாக இதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மையான கருவி இவ்வளவு தெளிவாக இருக்காது என்பார்கள். எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தகவலை நான் ஊரெல்லாம் தேட, அது வீட்டுக்குள்ளேயே டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“நிஜத்துல எப்படி இருக்கும்?”

“எதுக்கெடுத்தாலும் கத்தும். மழையைப் பாக்கற ரேடாருக்கும் கத்தும், பக்கத்துல வர்ற நம்ம விமானத்துக்கும் கத்தும். உங்க மாமியார் மாதிரி, வாசல்ல யார் நின்னாலும் சந்தேகம்.” சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ரகசியம் எதையும் சொல்லிடலையே மாமா?”

“என்ன ரகசியம்? அந்தப் பொட்டியெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயாச்சு.”

அதன் பிறகு நான்கு மாதம் எங்களுக்கு அதே பேச்சு. குறி பதினைந்து டிகிரி தள்ளித் தெரிய வேண்டும். குறி நடுவில் வந்தால் எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. அவன் ரேடார் பலமானது, அவ்வளவுதான். இரண்டு ரேடார் ஒரே மாதிரி துடித்தால் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இன்னும் எரிச்சலா இருக்கணும்மா” என்பார். இரண்டு வேளைச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட ஆரம்பித்தார். “அப்பா என்கிட்ட மொத்தமாவே இவ்ளோ பேசினதில்ல” என்றார் என் கணவர். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

புதிய கருவியை வெளியிடுவதற்கு முன்னால் இருபத்து மூன்று பேரிடம் விளையாடக் கொடுத்தோம். அவர்கள் எந்தப் பொத்தானை எப்போது தொட்டார்கள் என்ற விவரம் எங்களுக்கு வந்துவிடும். மூன்றாவது தடவை பறப்பதற்குள் பத்தொன்பது பேர் கருவியின் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தார்கள். எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க ஒரே குமிழ்தான். குறைத்தால் ஏவுகணை வருகிற அலறலும் சேர்ந்து குறைந்துவிடும்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. “குறைச்சவங்கள்ல எத்தனை பேரைச் சுட்டுட்டாங்க?”

“பதினாலு பேரை. விளையாட்டுலதானே மாமா.”

எழுந்து போய்க் கை கழுவினார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் கணவர்தான் போய் மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்த மாமா, சாப்பாட்டைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

அவர்கள் படைத்தளத்தில் ஒரு விமானி இருந்தாராம். ஏணியில் ஏறும்போது சீட்டி அடித்துக்கொண்டே ஏறுவார் என்பதால் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய விமானத்தில் இருந்த கருவி மற்றதைவிட மோசமாகக் கத்தியது. மாமா மூன்று தடவை கழற்றி மாட்டினார். புகார்ப் புத்தகத்தில் எழுதினார். ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஒருநாள் காலையில் விசில் எல்லை ரோந்துக்குக் கிளம்பினார். திரும்பவில்லை. தரையிலிருந்து சுட்டிருந்தார்கள். விமானத்தின் சிதறல்களில் கருவியின் சத்தக் குமிழ் கிடைத்தது, அடிமட்டத்தில் இருந்தபடி. விமானியின் அலட்சியம் என்று விசாரணை அறிக்கை எழுதினார்கள்.

“நான்தான் குறைக்கச் சொன்னேன்” என்றார் மாமா. “எல்லாருக்கும் அதைத்தான் சொல்வோம். விசாரணையில கேட்டாங்க, யாராவது குறைக்கச் சொன்னீங்களான்னு. இல்லைன்னுட்டேன்.”

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வேலை போயிருக்கும். ஜெயில்கூட ஆகியிருக்கும். இவனுக்கு அப்ப எட்டு வயசு...”

என் கணவர் தட்டைத் தள்ளினார். “எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. தயவுசெஞ்சு.” எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி முழுக்க, என் கணவர் சொன்னது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரிதான் என்று தோன்றியது. கிழவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

விசிலின் மனைவியைத் தேட வேண்டும் என்று மாமாவே சொன்னார். “இப்பப் போய் எதுக்கு? அந்தம்மா மறந்திருப்பாங்க” என்றார் கணவர். மாமா அவரைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு பேசவில்லை. ஓய்வுபெற்றவர்கள் சங்கத்தில் விசாரித்து முகவரி வாங்கினேன். காரில் மூன்று மணி நேரப் பயணம். நான்தான் ஓட்டினேன். வழியில் மாமா இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, எதுவும் செய்யாமல் நின்றுவிட்டு ஏறினார்.

அந்த அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குப் பக்கம். விமானப்படை என்று சொன்னதுமே கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டார். எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். ஒருவன் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். மெஷின் நின்றதும் அறை ஒரேயடியாக அமைதியானது.

மாமா நின்றுகொண்டே சொன்னார். எதையும் மழுப்பவில்லை. மூன்று தடவை பழுது பார்த்ததையும் புகார் எழுதியதையும் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. குறைக்கச் சொன்னது நான், விசாரணையில் பொய் சொன்னது நான் என்ற இரண்டை மட்டும் சொன்னார். பொறுக்க முடியாமல் நான் குறுக்கே புகுந்து, எங்கள் விளையாட்டில் பத்தொன்பது பேர் குறைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“விளையாட்டா?” என்றார் அந்த அம்மா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மாமாவின் பக்கம் திரும்பிப் பேசினார். “எனக்கு ஒரே பையன். அப்பா எப்படிச் செத்தார்னு கேக்கறப்பல்லாம், அலட்சியத்தால செத்தார்னு சொல்லித்தான் வளர்த்தேன். ஷூ லேஸ் கட்டலன்னாலும் சொல்வேன், உங்கப்பன் மாதிரியே இருக்கியேன்னு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் வீட்டை விட்டுப் போனான். பேசி ஏழு வருஷம் ஆச்சு.” புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்தார்; மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. “அவர்மேல எனக்கு அவ்ளோ கோபம். அதை இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கறது? நீங்களே சொல்லுங்க.”

அந்த அம்மா மேஜை டிராயரைத் திறந்தார்.

“எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேம்மா.”

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். மாமா கண்ணாடியை மறந்து காரிலேயே வைத்துவிட்டார். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு எழுத்துத் தெரியாமல் தடுமாறினார். அந்த அம்மா எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். முகவரியும் போன் நம்பரும் சேர்த்து அவர் எழுதி முடித்ததும், அந்த அம்மா கண்ணாடியைத் திருப்பி வாங்கி, துடைத்து, உறையில் போட்டார். தாளை இரண்டு தடவை படித்தார்.

வாசல் வரை வந்தார். “போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல” என்றார். “போங்க.”

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தத் தாளின் நகலை அந்த அம்மா படைத் தலைமைக்கு அனுப்பினார். அந்தக் காலத்துக் கோப்புகளை மறுபடி திறப்பதற்கில்லை என்று நான்கு வரியில் பதில் வந்தது. அதை எங்களுக்கும் அனுப்பி வைத்தார். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என் கருவியையும் கம்பெனி கைவிட்டுவிட்டது. எரிச்சலாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பிய்த்தெடுத்துவிட்டார்கள். உண்மையை அவ்வளவு நாள் கேட்டவர்களும் அவர்களேதான். பழையபடி பொய்யே சொல்லாத கருவியை மாட்டினோம். மாமாவிடம் சொன்னேன். “சரிம்மா” என்றார். என் அறைப் பக்கம் வருவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. எடுத்தேன். ஓர் ஆண் குரல், மாமாவின் பெயரைக் கேட்டது. தான் யார் என்று சொன்னார். விசிலின் மகன்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினார். அந்தப் பக்கம் சத்தமாகப் பேசியதால் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“அம்மா பேப்பரை அனுப்பினாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். நீங்களாப் போய் அவர்கிட்டக் குறைக்கச் சொன்னீங்களா, இல்ல அவர் உங்களைக் கேட்டாரா?”

மாமா கண்ணை மூடினார். “அவர்தாம்ப்பா கேட்டார். ஏணியில ரெண்டு படி ஏறிட்டுத் திரும்பிக் கேட்டார். ‘குறைச்சா ஒண்ணும் ஆகாதே?’ன்னு.”

“நீங்க?”

“ஒண்ணும் ஆகாது சார்னேன்.”

“அப்ப அவர் கேட்டிருக்கார்” என்றது அந்தக் குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. “அலட்சியமா இருக்கறவங்க கேக்க மாட்டாங்க.” லைன் கட்டாகிவிட்டது.

மாமா ரிசீவரைச் சரியாக வைக்காமலே நின்றார். மாடியிலிருந்து இறங்கி வந்த என் கணவர் யார் போனில் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ரிசீவரை எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நான் விளக்கைப் போடாமலே உள்ளே போனேன்.