அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள்

1

இந்தக் கதையை இதற்கு முன் அறுபத்திரண்டு தடவை எழுதியிருக்கிறேன். எதுவும் பத்திரிகைக்குப் போகவில்லை. எல்லாம் வெவ்வேறு அலுவலகங்களின் பணியாளர் பிரிவுக்குப் போயின. ஒவ்வொன்றும் ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்’ என்று ஆரம்பித்து ‘நம்பிக்கையுடன்’ என்று முடியும். நடுவில் என் அக்கா இருப்பாள், கொஞ்சம் பவுடர் பூசி.

அக்கா பாலங்களைச் சோதிக்கிற பொறியாளர். ஒரே கம்பெனியில் இருபத்தொரு வருஷம். அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கிய கையோடு அவளுடைய பிரிவைக் கலைத்தது. பாலத்தைப் பற்றி நாற்பது பக்கம் அசராமல் எழுதுகிறவளுக்குத் தன்னைப் பற்றி நாலு வரி எழுதக் கை வரவில்லை. “நீதான் கதை எழுதுறவனாச்சே, எழுதிக் குடு” என்றாள். எழுதிக் கொடுத்தேன். கதை எழுதுகிறவனிடம் விண்ணப்பம் எழுதச் சொல்வது பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிற மாதிரி என்று இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆக, இந்தக் கதை பிறந்தது உள்ளத்து எழுச்சியால் அல்ல, குற்ற உணர்ச்சியால். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கத்துக்கு நான் முதலில் எழுதியது இது:

[மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்தாள். இருபத்தொரு வருடங்கள் ஒரு அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அவள் கண்களில் —]

நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. மேசையும் இல்லை. வேலை போன செய்தி வந்தபோது அவள் ஒரு பாலத்துக்கு அடியில், ஏணியில் நின்று, கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கெட்டியாக இருந்தால் ‘டங்’ என்று கேட்கும். பொள்ளலாக இருந்தால் ‘டொக்’. அந்த வித்தியாசம் அவள் காதுக்குத் தப்பாது. அதனால், கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயரே சுத்தியல். (கோபக்காரி என்பதாலும்தான். இதை அவள் படிக்கும்போது கோடு போட்டு அடிப்பாள். நான் மறுபடி எழுதுவேன்.)

போனில் சேதியைக் கேட்டாள். சரி என்றாள். பாக்கி இருந்த இரண்டு தூண்களையும் தட்டி முடித்து, குறித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் இறங்கினாள். அந்த அறிக்கையை இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

“யாராவது படிப்பாங்க. கம்பெனியைக் கலைச்சது பாலத்துக்குத் தெரியுமா?” என்றாள்.

இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. மழையை விட்டுவிடுவோம்.

3

அதற்குப் பிறகு பத்தொன்பது மாதம்.

வேலை இல்லாதவர்களைப் பற்றி எழுதும்போது சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, ஜன்னல் ஓரம் என்று கை தானாக ஓடுகிறது. அக்கா அதில் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். மதியம் ஒரு மணி வரை அது அலுவலகம். விளம்பரங்களைப் பார்ப்பது, பழைய ஆட்களுக்கு எழுதுவது, புதிய விதிமுறைகளைப் படிப்பது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பல் செட் செய்கிறவர். வீட்டு முன்னறையிலேயே அவருக்குப் பட்டறை. பதினோரு மணிக்கு அரவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பல் அரைத்த மாவு படிந்த கையோடு, “ஆபீசுக்கு டீ வந்திருக்கு” என்று கொண்டுவந்து வைப்பார்.

பதில்கள் வரும். ‘தங்கள் தகுதிகள் சிறப்பானவை. எனினும்.’ போகப் போக அவள் கடிதத்தை முதலிலிருந்து படிப்பதை விட்டுவிட்டு நேரே அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தாள். வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. “இன்னிக்கு ரெண்டு எனினும்” என்று மகளிடம் சொல்வாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. “போன வாரத்துக்குப் பரவால்ல” என்பாள் அவள்.

சிரித்தார்கள்தான். ஆனால் பாதிப் பதில்கள் வரவே இல்லை. அந்த வராத கடிதங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னவனிடம் கோபப்படலாம். வாயே திறக்காதவனிடம் என்ன செய்வது? சில மதியங்களில் மேசையை விட்டு எழுந்தவள் அப்படியே சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருப்பாள் என்று மாமா சொன்னார். பாத்திரம் எதுவும் இருக்காது. தண்ணீர் மட்டும் ஓடும். அவர் போய் மூடமாட்டார். அவளே மூடட்டும் என்று இயந்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக ஓட்டுவார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். மாதங்கள் கூடக் கூட விண்ணப்பத்தில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க நான் ஒரு வரி கண்டுபிடித்தேன்: ‘இடைப்பட்ட காலத்தில் சுயேச்சையாக ஆலோசனைப் பணிகள் மேற்கொண்டு வருகிறேன்.’ அழகான வரி. சுத்தப் பொய். “இது வேண்டாமேடா” என்றாள். எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். ஒன்பதாவது நேர்காணலில் ஒருவர், எந்தப் பாலத்துக்கு ஆலோசனை சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அப்படி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.*

* அதற்குப் பிறகும் நாலு விண்ணப்பத்தில் அந்த வரியை விட்டுவைத்தேன். என்ன செய்ய, வரி அவ்வளவு நன்றாக இருந்தது.

4

பதினோராவது நேர்காணல் முடிந்து மூன்றாம் நாள் போன் வந்தது. உங்களைத்தான் எடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை கடிதம் வரும் என்றார்கள். அவள் புதிதாக ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணி வாங்கினாள், முனையில் இரும்பு வைத்தது. உறவில் ஒருவர் விடாமல் சேதி போனது. சொன்னது பாதி அவள், பாதி நான்.

திங்கள் வரவில்லை. வியாழன் வந்தது. திட்டம் காலவரையறையின்றி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே நியமனமும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரே சொல்லும். எட்டாமல் போனதைவிட, எட்டிவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னதுதான் அவளை அறுத்தது. மூன்று நாள் மேசைக்கு வரவில்லை. காலணிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மாமா பதினோரு மணிக்கு டீ போட்டு, படுக்கையறைக் கதவருகில் வைத்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார்.

கதை என்றால் இங்கே ஒரு திருப்பம் வேண்டும். நானும் எழுதினேன்:

[நான்காம் நாள் காலை கால்போன போக்கில் நடந்தவள் வீட்டுக்கு அருகிலிருந்த பாலத்தின் அடியில் நின்றாள். மூன்றாவது தூணில் மயிரிழை போல ஒரு விரிசல். மேலே குழந்தைகள் நிறைந்த பேருந்து ஒன்று —]

இதை அவளிடம் காட்டினேன். பென்சிலோடு படித்தாள்.

“அந்தப் பாலம் நல்லா இருக்கு. உன் கதைக்கு ஆகணும்னு அதுக்கு ஏண்டா விரிசல் விடறே?” என்றாள். ஓரத்தில் குறிப்பு வேறு எழுதினாள்: ‘தூண்கள் இரண்டுதான்.’

நடந்தது சின்ன விஷயம். மகள் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றைக் கையெழுத்துக்காகக் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். தாயின் தொழில் என்ற கட்டத்தில் ஏற்கெனவே ‘பொறியாளர்’ என்று எழுதியிருந்தாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குத்தான் வேலை இல்லையேடி” என்றாள்.

“வேலைதான் இல்ல. நீ இன்ஜினியர் இல்லைன்னு யாரும்மா சொன்னது?” என்று கேட்டுவிட்டு, பேனாவை நீட்டி, “சீக்கிரம் போடு, வேன் வந்துரும்” என்றாள் மகள்.

இதை நானே புனைந்தேன் என்று நீங்கள் சந்தேகிக்கலாம். எனக்கே சந்தேகம் வந்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “நான் அப்படியா சொன்னேன்? வேன் லேட்டாயிருச்சுன்னு மட்டும் ஞாபகம் இருக்கு” என்றாள்.

அன்று அக்கா மேசைக்கு வந்தாள். நான் எழுதிய அறுபத்திரண்டையும் ஓரமாக ஒதுக்கினாள். அறுபத்து மூன்றாவதைத் தானே எழுதினாள், தனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில்:

‘பரிசோதனைக்கு உட்பட்டவர்: நான். வயது நாற்பத்தாறு. பயன்பாட்டில் இருந்த காலம் இருபத்தொரு ஆண்டுகள். கடந்த பத்தொன்பது மாதங்களாகப் பயன்பாட்டில் இல்லை; காரணம், கட்டமைப்பில் குறைபாடு அல்ல. கண்டறியப்பட்ட குறைகள்: பொறுமை குறைவு; கூட்டங்களில் அதிகம் கேள்வி கேட்பது. தாங்கும் திறன்: எதிர்பார்த்ததைவிட அதிகம். பரிந்துரை: உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம்.’

கீழே இருபத்தொரு வருஷத்தில் அவள் சோதித்த பாலங்களின் பட்டியல். அவ்வளவுதான். ‘நம்பிக்கையுடன்’கூட இல்லை.

எழுத்தாளன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

5

இந்தப் பகுதியை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தையும் கூட்டக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அறுபத்து மூன்றாவதற்கு நேர்காணல் அழைப்பு வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்தார். தொழில் கேள்விகள் எல்லாம் முடிந்தபிறகு, “இந்தப் பத்தொன்பது மாசம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்.

“வேலை தேடினேன்.”

“அதைத் தவிர?”

“அதைத் தவிர ஒண்ணும் இல்ல. முழுநேரமும் அதான். அறுபத்து மூணு விண்ணப்பம். பதினொரு நேர்காணல், இது பன்னிரண்டாவது.”

ஓரத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். அந்த அம்மாள் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“அதுல என்ன கத்துக்கிட்டீங்க?”

இந்தக் கேள்விக்குத் தயாராகப் போகவில்லை என்றாள் அக்கா. வாயில் வந்ததைச் சொன்னாளாம்:

“ஒரு பாலம் வேண்டாம், மூடிடுங்கன்னு சொல்லணும்னா, ஏன்னு எழுதாம நான் கையெழுத்துப் போட்டதில்ல. என்னை வேண்டாம்னவங்கள்ல காரணம் எழுதினவங்க ரெண்டே பேர். அந்த ரெண்டு கடிதத்தை மட்டும் வெச்சிருக்கேன்.”

“என்ன எழுதியிருந்தாங்க?”

“ஒருத்தர், கடல்மேல கட்டின பாலத்துல அனுபவம் இல்லைன்னு. அது சரி. இன்னொருத்தர், நான் ரொம்பக் கேள்வி கேக்கறேன்னு. அதுவும் சரிதான். உங்ககிட்டகூட எனக்கு ஆறு கேள்வி இருக்கு. இப்பக் கேக்கலாமா?” என்றாள்.

ஆறையும் கேட்டாள். நாலுக்குத்தான் அவர்களிடம் பதில் இருந்தது. மற்ற இரண்டையும் அந்த அம்மாள் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதே, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி என்று தோன்றிவிட்டதாம். இதை நான் நம்பவில்லை. “கிடைக்காட்டியும் சரின்னா சொல்றே?” என்றேன். “சரி இல்லடா. வலிக்கும். ஆனா இந்தத் தடவை வேண்டாம்னா அது என்னை வேண்டாம்னதா இருக்கும். முன்னாடியெல்லாம் நீ எழுதினவளைத்தானே வேண்டாம்னாங்க” என்றாள்.



6

ஒன்பது நாளில் கடிதம் வந்தது. வேலை அவளுக்குத்தான். மாமா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு தடவை படித்துவிட்டு, மறுபடியும் போய் இயந்திரத்தைப் போட்டார். அன்று அவர் அரைத்த பல்லில் ஒன்று கோணலாகப் போய்விட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதோடு முடித்திருந்தால் கதை ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் வாழ்க்கைக்குக் கதை எழுதத் தெரியாது. அதே வாரம், திட்டத்தை நிறுத்திவைத்த பழைய இடத்திலிருந்தும் அழைப்பு: திட்டம் மறுபடி தொடங்குகிறது, வந்துவிடுங்கள்.

பத்தொன்பது மாதம் ஒரு கதவும் திறக்காதவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு. முதலாவது சின்ன அலுவலகம். அவள்தான் தலைமை, அந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிப்பதும் அவள் வேலை. இரண்டாவது பெரிய இடம், பெரிய நதி, அவள் படிப்புக் காலத்திலிருந்து கைவைக்க ஆசைப்பட்ட வகைப் பாலம்.

ஒருவருக்கு ‘வேண்டாம்’ என்று எழுதவேண்டி வந்தது. நான் எழுதித் தருகிறேன் என்றேன். “நீ பக்கத்துலயே வராதே” என்றாள். ஒரு காலை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். விலாசத்தையும் காரணங்களையும் கையால் மறைத்துக்கொண்டு மீதியை எனக்குக் காட்டினாள். ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள்; எனக்குத் தெரிந்தது வரிசை எண்கள் மட்டும். அவர்கள் கேட்காமலே, அந்த வேலைக்குப் பொருத்தமான இன்னொருத்தியின் பெயரும் போன் எண்ணும். அவளும் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருப்பவள், ஒரு நேர்காணல் வரிசையில் பழக்கமானவள். அன்றே தபாலில் சேர்த்தாள்.

7

எந்த வேலை? முடிவை எழுத அது தெரிய வேண்டும். கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். “எதுன்னு எழுதினா, அதான் பரிசுன்னு நினைச்சுக்குவாங்க” என்கிறாள். மகளுக்கும் மாமாவுக்கும் வாய்ப்பூட்டு.

நான் இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். சின்ன அலுவலகம் என்று எழுதினால், நேர்மைக்குக் கிடைத்த பலன் மாதிரி நீதிக்கதை வாடை அடிக்கிறது. பெரிய நதி என்று எழுதினால் —

சரி, அவளையே கேட்டுவிடுவது என்று இன்று காலை பத்து மணிக்கு அங்கே போனேன். மேசையில் யாரும் இல்லை. மாமா பட்டறையிலிருந்து தலையை நீட்டினார்.

“வேலைக்குப் போயிருக்கா” என்றார். எவ்வளவு நாளாகச் சொல்லக் காத்திருந்த வாக்கியமோ, அதை மெதுவாகச் சொன்னார்.

எங்கே என்றேன். சிரித்தார்.

இரண்டு முடிவையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமாக இல்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். எனக்கு இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. நான் எழுத வேண்டியவள் வீட்டில் இல்லை.

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வா” என்று மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார். பிறகு, “இல்ல, இன்னிக்கு வேணாம். முதல் நாள். வந்ததும் பேசிக்கிட்டே இருப்பா, நாங்க கேக்கணும்” என்றார்.